ரசம் ஓடும் திசை

கும்பகோணத்தில் மகாமகம் வருவதற்கு 12 வருஷம் பிடிக்கும். குரு பகவான் சுற்றி வந்து சிம்ம ராசியில் நிற்க வேண்டும். அவர் யாருக்காகவும் அவசரப்படமாட்டார். தமிழ்நாட்டில் பழைய கட்டடங்களைக் காப்பாற்ற ஒரு சட்டம் வருவதற்கும் அதே 12 வருஷம்தான் பிடித்தது. மரபுக் கட்டடங்களுக்கென ஓர் ஆணையம் அமைக்கும் சட்டத்தைப் பேரவை 2012 இல் நிறைவேற்றியது. அது அமலுக்கு வந்தது 2024 மார்ச் 1 அன்று. இடையில் அந்தக் கோப்பு எந்த ராசியில் வக்கிரமாகி நின்றது என்று கோட்டையில் இருப்பவர்கள்தான் சொல்ல வேண்டும்.

ஜேசிபிக்கு இந்தக் கட்டுப்பாடெல்லாம் இல்லை. ராகு காலம், எமகண்டம், அஷ்டமி, நவமி ஒன்றும் பார்க்காது. அதற்கு உகந்த கிழமை ஞாயிறு. கோர்ட் லீவு, ஆபீஸ் லீவு, தடை கேட்டு மனுப் போட நினைத்தவனும் கறிக்கடை வரிசையில் நிற்பான். திங்கட்கிழமை காலையில் அவன் வந்து பார்க்கும்போது செங்கல் தனியாக, கம்பி தனியாக, தேக்கு நிலை தனியாக அடுக்கியிருக்கும். அரசாங்கம் 12 வருஷத்தில் செய்யாத வேலையை ஒரே ராத்திரியில் முடித்துவிடும் அந்த மஞ்சள் வாகனத்தை நான் மனமாரப் பாராட்டுகிறேன். நிர்வாகத் திறமை என்றால் அதுதான்.

தஞ்சாவூர்க்காரர்களிடம் யாகப்பா, கிருஷ்ணா, டவர், ஞானம், குமரன், ஜூபிடர், திருவள்ளுவர், சாந்தி, கமலா என்று பெயர்களை வரிசையாகச் சொன்னால் போதும். எதில் என்ன படம் பார்த்தோம், யாரோடு போனோம், வீட்டில் என்ன பொய் சொன்னோம் என்று அரை மணி நேரம் ஓடிவிடும். இவற்றில் எது நிற்கிறது, எது படுத்துவிட்டது, எது பெயர் மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது என்பதும் அவர்களுக்குத் தெரியும். நான் வளர்ந்த தெருவின் முனையில் இருந்த தியேட்டரை மட்டும் இங்கே பெயர் சொல்லி அழைக்கப்போவதில்லை. இடத்தை வாங்கியவர்கள் செல்வாக்கானவர்கள். நான் பென்ஷனில் காலம் தள்ளுகிறவன்.

இடிப்பதற்கு முன்னால் சில வருஷம் அது கல்யாண மண்டபமாக இருந்தது. டெல்டாவில் சாகப்போகிற தியேட்டர் எல்லாம் கடைசியில் ஒருமுறை மண்டபமாகிப் பார்க்கும். இல்லையென்றால் உர மூட்டை அடுக்கும் குடோனாகும். தியேட்டர் தரை திரையை நோக்கிச் சரிவாக இருக்கும். முன்னால் இருப்பவன் தலை பின்னால் இருப்பவனுக்கு மறைக்கக் கூடாது என்று பெயர் தெரியாத ஒரு மேஸ்திரி ரசமட்டம் வைத்துப் பார்த்துப் பார்த்துச் சரித்த தரை. மண்டபமாக்கிய புண்ணியவான் அதை நிரவச் செலவு பண்ணவில்லை. அப்படியே மேலே டைல்ஸ் ஒட்டிவிட்டார். பந்தி மேஜைகளும் தரையோடு சேர்ந்து சரிந்தன. இலையில் ரசம் ஊற்றினால் அது நேராகத் திரை இருந்த திசைக்கு ஓடும். சாப்பிட உட்கார்ந்தவர்கள் சோற்றைக் குவித்துக் கரை எடுத்து, ஆளுக்கொரு கல்லணை கட்டித்தான் சாப்பிட்டு முடித்தார்கள். மணவறை இருந்தது திரை இருந்த இடத்தில். அதே இடத்தில் எத்தனையோ ஜோடிகள் சேர்ந்து, பிரிந்து, கண்ணை இழந்து, நினைவை இழந்து, கடைசி ரீலில் மறுபடி சேர்ந்ததை ஊரே பார்த்திருக்கிறது. இந்தத் தடவை மாப்பிள்ளை பெண்ணைப் பார்க்கக்கூட ஊருக்கு நேரமில்லை. ரசத்தைப் பிடிக்கவே சரியாக இருந்தது.

மண்டபமும் கட்டுப்படியாகவில்லை. இப்போது அங்கே நாலு மாடி ஜவுளிக்கடை. இரும்பு நாற்காலிகள் எடைக்குப் போயின, கிலோ இன்ன விலை என்று. சோபா, சேர், பெஞ்சு என்று வகுப்பு பார்த்து உட்கார்ந்த ஊர். பழைய இரும்புக் கடைத் தராசு எல்லா வகுப்புக்கும் ஒரே விலைதான் போட்டது. அந்த ஒரு விஷயத்தில் அது சட்டசபையைவிட முற்போக்கானது.

இந்தக் கட்டடம் எதற்காக நின்றிருக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு அதன் உள்ளே போகும் வழியைச் சொல்ல வேண்டும். தரை டிக்கெட்டுக்கு ஒரு சந்து. ஒரு ஆள் அகலம். இரண்டு பக்கமும் செங்கல் சுவர், மேலே ஏறிக் குதிக்காமல் இருக்கக் கம்பி வலை. நுழைந்தவன் திரும்ப முடியாது. பின்னால் இருப்பவன் முட்டுகிற முட்டில்தான் முன்னால் நகர முடியும். சுவர் தோள் உயரத்தில் மட்டும் எண்ணெய் பூசியது மாதிரி வழவழவென்று கறுத்துக் கிடக்கும். முப்பது நாற்பது வருஷத்து வேர்வை. சந்தின் முடிவில் கை நுழையும் அளவுக்கு ஒரு பொந்து. காசைப் பொத்திய கையை விட்டால், உள்ளே இருப்பவர் முகம் தெரியாது, விரல் மட்டும் வந்து காசைப் பிரிக்கும். பதிலுக்கு ரோஸ் நிறத்தில் மெல்லிய காகிதம். கையை வெளியே இழுக்கும்போது முழங்கை சிராய்க்கும். அந்தச் சிராய்ப்போடு உள்ளே ஓடினால் மணல் தரை. மணலைக் குவித்து மேடாக்கி அதன் மேல் உட்கார்ந்துவிட்டால் பெஞ்சுக்காரனைவிட உயரம்.

அறுவடை முடிந்து, கூலி நெல்லை விற்ற காசு இடுப்பில் இருக்கும் நாட்களில் புது ஆற்றங்கரை வழியாகச் சனம் நடந்தே வரும். வண்டி கட்டிக்கொண்டு வருபவர்கள் மிராசுதார்கள், அவர்களுக்கு சோபா. நடந்து வருபவர்களுக்கு மணல். டீக்கடையில் தனிக் குவளை வைத்திருந்த காலம் அது. தியேட்டர் சமத்துவபுரம் ஒன்றுமில்லை. காசு வைத்துத்தான் பிரித்தது. ஆனால் மணலில் உட்கார்ந்தவனைப் பார்த்து, நீ எந்தத் தெரு என்று கேட்கும் அதிகாரம் டிக்கெட் கிழிப்பவருக்கு இல்லை. விளக்கை அணைத்துவிட்டால் சோபாவும் மணலும் ஒரே இடத்தில் அழுதன. 1952 இல் தஞ்சாவூர் ஜில்லாவின் சாகுபடியாளர்களுக்கும் பண்ணையாள்களுக்கும் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதே வருஷம் தீபாவளிக்குப் ‘பராசக்தி’ வந்தது. எது ஊருக்குள் சீக்கிரம் போய்ச் சேர்ந்தது என்று அந்தக் காலத்துப் பெரியவர்களைக் கேட்டால், சட்டத்தைப் பற்றி யோசித்துச் சொல்வார்கள். படத்தின் கோர்ட் சீனை நின்ற இடத்தில் பேசியே காட்டுவார்கள்.

முதலாளிமார்கள் மகாத்மாக்கள் என்று நான் சொல்லவில்லை. இடைவேளையில் கழிப்பறைப் பக்கம் போய்விட்டுத் திரும்பியவனுக்குக் கதையே மறந்துபோகும். எலி காலில் ஏறும். மின்விசிறி சோபாவுக்கு மட்டும் சுற்றும். முதல் நாள் டிக்கெட் உள்ளே தீர்ந்து வாசலில் கிடைக்கும், மூன்று மடங்கு விலைக்கு. ஒரே பிரிண்டை இரண்டு ஊருக்குப் பங்கு போட்டு, ரீல் பெட்டி சைக்கிளில் வந்து சேரும்வரை திரையில் பல்பொடி சிலைடையும் நகைக்கடை சிலைடையும் மாற்றி மாற்றிக் காட்டுவார்கள். நாங்கள் கத்துவோம், விசிலடிப்போம், ஆபரேட்டரின் அம்மாவை இழுப்போம். அவர் மேலே அந்தச் சூளைக்குள் கார்பன் குச்சிகளின் இடைவெளியை விரலால் திருகித் திருகிச் சரி செய்துகொண்டிருப்பார். குச்சி எரிந்து தேயத் தேய வெளிச்சம் மங்கும்; நொடி தவறினால் கதாநாயகி முகம் கறுத்துவிடும். திரையின் மூலையில் ஒரு புள்ளி மின்னும். அதுதான் அடுத்த மிஷினை ஓட்டச் சொல்லும் ஜாடை. ஊரே கதாநாயகியைப் பார்க்கும்போது அந்தப் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர் ஒருவர்தான்.

இப்போது அரசாங்கத்துக்கு வருவோம். 1967 இலிருந்து இந்த மாநிலத்தை ஆண்டவர்களில் சிலரின் பெயரைச் சொல்லுங்கள்: அண்ணாதுரை, கருணாநிதி, எம்.ஜி.ஆர்., ஜானகி, ஜெயலலிதா. எழுதியவர்கள், நடித்தவர்கள். எல்லாரும் அந்த மணல் தரையின் பிள்ளைகள். மணலில் உட்கார்ந்தவன் கை தட்டாமல் இருந்திருந்தால் கோட்டையின் வாசல் எந்தப் பக்கம் என்று இவர்களில் பாதிப் பேருக்குத் தெரிந்திருக்காது. கருணாநிதியின் ‘பழனியப்பன்’ நாடகம் 1944 இல் அரங்கேறியது திருவாரூர் பேபி டாக்கீஸில். ஒரு முதலமைச்சரை ஈன்ற டாக்கீஸ். வேறு நாடாக இருந்தால் வாசலில் ஒரு கல்லாவது நட்டிருப்பார்கள். நம் தலைவர்களுக்குக் கல்லறையில் இருக்கும் பக்தி கருவறையில் இல்லை. மெரினாவில் இடம் கிடைக்க நள்ளிரவில் வழக்கு நடத்துவோம். தலைவர் முதல் வசனம் எழுதிப் பார்த்த கட்டடம் எங்கே என்று கேட்டால், எந்தக் கட்டடம் என்போம்.

வரி போடுவதில் மட்டும் கட்சி வேறுபாடு கிடையாது. கேளிக்கை வரிச் சட்டம் 1939 இல் ராஜாஜி அரசாங்கம் கொண்டுவந்தது. அதே வருஷம்தான் டெல்டாக்காரர்கள் இருவர், பாபநாசம் கே. சுப்பிரமணியமும் புத்தமங்கலம் கல்கியும், சேர்ந்து ‘தியாகபூமி’யைக் கொண்டுவந்தார்கள். வெள்ளைக்காரன் பயந்துபோய் அதற்குத் தடை போட்டான். அவனுக்குச் சினிமா மேல் இருந்த மரியாதையை நினைத்தால் இன்றைக்குக் கண்ணீர் வருகிறது. 2006 இல் படத்துக்குத் தமிழில் பெயர் வைத்தால் வரி விலக்கு என்றார்கள். தமிழ் வாழ்ந்தது. ராவோடு ராவாக இங்கிலீஷ் தலைப்புகள் மொட்டையடித்துக்கொண்டு தமிழாகின. டிக்கெட் விலை இறங்கியதாக எனக்கு நினைவில்லை. தியேட்டர் கூரையும் தமிழில்தான் ஒழுகியது. அதற்கு விலக்கு ஏதும் தரவில்லை. 2017 ஜூலையில் நூறு ரூபாய்க்கு மேல் டிக்கெட்டுக்கு டில்லி 28 சதவீதம் ஜிஎஸ்டி, அதற்கு மேல் சென்னை 30 சதவீதம் உள்ளாட்சிக் கேளிக்கை வரி. இரண்டையும் கூட்டிப் பார்த்த தியேட்டர்காரர்கள் 3 ஆம் தேதி ஷட்டரை இறக்கிவிட்டார்கள். பிறகு சென்னை தன் பங்கைக் குறைத்துக்கொண்டது, இரத்தம் போதும் என்று அட்டைப்பூச்சி தானாகக் கழன்றது மாதிரி.

பிறகு கொரோனா. 2020 மார்ச்சில் எல்லாவற்றையும் மூடினார்கள், சரி. மதுக்கடை மே 7 ஆம் தேதி திறந்தது. தியேட்டர் நவம்பர் 10 ஆம் தேதி. ஆறு மாத வித்தியாசம். இருட்டில் மூன்று மணி நேரம் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் தொற்றும், வெயிலில் தோளோடு தோள் நின்று குவார்ட்டர் வாங்கினால் தொற்றாது என்று அந்த வைரஸிடம் யாரோ எழுதி வாங்கியிருக்க வேண்டும். ஏற்கெனவே மூச்சு வாங்கிக்கொண்டிருந்த ஒற்றைத் திரைத் தியேட்டர்கள் பலவற்றுக்கு அந்த ஆறு மாதத்தில்தான் பால் ஊற்றினார்கள்.

எங்கள் தெருத் தியேட்டர் இடிபட்டபோது ஒரு பிரமுகரைப் போய்ப் பார்த்தேன். பெயர் வேண்டாம், எல்லா வார்டிலும் ஒருவர் இருக்கிறார். அன்பாக உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தார். “சார், அது என்ன ராஜராஜ சோழன் கட்டினதா? விட்டுட்டு வேலையைப் பாருங்க சார்” என்றார்.

நல்ல கேள்வி. ராஜராஜனையே கேட்போம். அவன் கட்டிய பெரிய கோயிலின் சுவரில், அங்கே ஆடுவதற்காகக் குடியமர்த்திய தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரின் கணக்கு இருக்கிறது. ஒவ்வொருத்திக்கும் பெயர், எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள், எந்தத் தெரு, தெருவில் எந்தச் சிறகு, அதில் எத்தனையாவது வீடு. ஆளுக்கு ஒரு பங்கு. பங்குக்கு வருஷம் நூறு கலம் நெல். ஆடியவர்களோடு நிற்கவில்லை; நட்டுவனார், மேளக்காரர், கணக்கெழுதியவர், வண்ணார், நாவிதர் என்று பங்கு போகிறது. அவனுக்குப் பின் இரண்டாம் ராஜேந்திரன் காலத்தில் இதே கோயிலில் ‘ராஜராஜேஸ்வர நாடகம்’ நடத்த ஒரு கூத்தனுக்கு வருஷத்துக்கு 120 கலம் நெல் என்று வெட்டிவைத்திருக்கிறார்கள். கூத்துக்காரனுக்குக் கொடுப்பதைக் கல்லில் எழுதியது இந்த ஊர். கல்லில் எழுதினால் நாளைக்கு வருகிறவன் ஏமாற்ற முடியாது என்பதுதான் காரணம். நாளைக்கு வருகிறவனைப் பற்றி அந்த ராஜாக்களுக்கு நல்ல மதிப்பீடு இருந்திருக்கிறது.

ஆயிரம் வருஷத்துக்கு முன் ஆடியவளின் வீட்டு நம்பர் இன்றைக்கும் தெரிகிறது. என் பதினைந்து வயதில் எனக்குப் படம் காட்டிய ஆபரேட்டரின் பெயரை லைசென்ஸ் கொடுத்த ஆபீஸ் எதிலாவது கேட்டுப் பாருங்கள். 2010 இல் கோயிலுக்கு ஆயிரமாவது ஆண்டு கொண்டாடியபோது ஆயிரம் பேரை ஆடவிட்டோம். சுவரில் என்ன எழுதியிருக்கிறது என்று அன்றைக்கு மேடையில் இருந்தவர்கள் படித்திருந்தால், ஆடுகிறவர்களைச் சுவருக்கு முதுகைக் காட்டி நிற்கவைத்திருக்க மாட்டார்கள்.

பிழைத்த தியேட்டர் ஒன்றுமே இல்லையா என்றால், இருக்கிறது. சென்னை மவுண்ட் ரோட்டில் வார்விக் மேஜர் என்ற வெள்ளைக்காரர் 1913 இல் திறந்த எலக்ட்ரிக் தியேட்டர் இன்றைக்கும் நிற்கிறது. எப்படி? இரண்டே வருஷத்தில் படம் காட்டுவதை நிறுத்திவிட்டது. தபால் இலாகா வாங்கியது. இப்போது தபால்தலை சேகரிப்பவர்களுக்கான அலுவலகம். தமிழ்நாட்டில் ஒரு தியேட்டர் நூறு வருஷம் வாழ வேண்டுமானால் தியேட்டராக இருக்கக் கூடாது என்ற தத்துவத்தை 1915 இலேயே கண்டுபிடித்த தீர்க்கதரிசி அந்தக் கட்டடம். மதுரைத் தங்கம் தியேட்டருக்கு அந்தச் சாமர்த்தியம் போதவில்லை. இரண்டாயிரத்து ஐந்நூறு பேருக்கு மேல் உட்காரலாம், ஆசியாவிலேயே பெரியது என்ற பெருமையோடு 1952 இல் ‘பராசக்தி’ போட்டுத் திறந்தது. இப்போது அங்கேயும் ஜவுளிக்கடை. துணி விற்கிற இடத்துக்கெல்லாம் தமிழன் ஏன் ஒரு தியேட்டரைத் தேடிப் பிடிக்கிறான் என்பதை ஆராய்ச்சியாளர்கள் பார்க்க வேண்டும். கூட்டம் எந்த வழியாக வரும் என்று முந்தைய தலைமுறை கண்டுபிடித்துவைத்த இடம். மனையோடு சேர்த்து அந்தப் பழக்கத்தையும் வாங்கிக்கொள்கிறார்கள். பத்திரப்பதிவில் அதற்கு மதிப்புப் போடுவதில்லை.

பிரான்ஸில் லா சியோட்டா என்று ஒரு துறைமுக ஊர் இருக்கிறது. ரயில் வந்து நிற்பதை லூமியேர் சகோதரர்கள் படம் பிடித்தது அங்கேதான். அந்த ஊரில் ஈடன் தியேட்டர், 1889 இல் கட்டியது. பாழடைந்துதான் கிடந்தது. கூட்டிப் பெருக்கிச் செப்பனிட்டு 2013 இல் திறந்துவிட்டார்கள், படமும் ஓட்டுகிறார்கள். நமக்கும் அந்த நாட்டுக்கும் ஒரு கொடுக்கல் வாங்கல் உண்டு. திருச்சியில் ரயில்வே வரைவாளராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905 இல் புரொஜெக்டர் வாங்கியது டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம். காவிரிக் கரையில் கிளம்பி ஊர் ஊராகக் கூடாரம் போட்டுப் படம் காட்டினார். பிறகு கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் கட்டினார். அங்கே ரோட்டுக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மிஷினை விற்றவன் நாட்டில் கட்டடம் இருக்கிறது. வாங்கியவன் நாட்டில் பெயர்ப்பலகை இருக்கிறது.

படங்களையாவது வைத்திருக்கிறோமா என்று கேட்டுவிடாதீர்கள். தமிழின் முதல் மௌனப் படம் ‘கீசக வதம்’ இல்லை. முதல் பேசும் படம் ‘காளிதாஸ்’ இல்லை. ஒரு பிரிண்ட், அரைப் பிரிண்ட், எதுவும் இல்லை. படம் போய்விட்டது, படம் ஓடிய சுவரும் போகிறது, பார்த்தவர்களும் போய்க்கொண்டிருக்கிறோம். வேலை சுத்தம்.

நம் சனத்தையும் கொஞ்சம் பேசாமல் விட முடியாது. தியேட்டர் இடிபட்ட அன்று வாட்ஸப் குழுக்களில் ஒப்பாரி. அழுதவர்களில் எத்தனை பேர் கடைசிப் பத்து வருஷத்தில் அங்கே ஒரு டிக்கெட் வாங்கினார்கள்? படத்தைச் செல்போனில் திருட்டுத்தனமாகப் பார்த்துவிட்டு, பழைய தியேட்டரின் புகைப்படத்துக்கு மலர் வளையம் வைக்கிற பக்தர்கள். இந்த ஊர் ஆளை நன்றாகத் தெரிந்தவர் சிவாஜி ஒருவர்தான். சூரக்கோட்டையில் பண்ணை வைத்து நம்மில் ஒருவராக இருந்தவர். 1989 இல் திருவையாற்றில் ஓட்டுக் கேட்டு நின்றார். திரையில் அவர் அழுதபோது கூட அழுத அதே சனம், பெட்டியைத் திறந்தபோது அவரைத் தோற்கடித்திருந்தது. கை தட்டுவது வேறு, காப்பாற்றுவது வேறு என்பதில் நாங்கள் எப்போதும் தெளிவாக இருந்திருக்கிறோம்.

தஞ்சாவூர் 2016 இல் ஸ்மார்ட் சிட்டிப் பட்டியலில் ஏறியது. பட்டியலில் ஏறிய ஊருக்கு எல்.இ.டி. விளக்கு வரும், கிரானைட் நடைபாதை வரும், ஊர்ப் பெயரை ஆளுயர எழுத்தில் நட்டு முன்னால் நின்று செல்ஃபி எடுக்க ஓர் இடமும் வரும். எனக்குப் பேராசை கிடையாது. இடிந்ததைக் கட்டித் தரச் சொல்லவில்லை. இந்த டெல்டாவில் நின்ற தியேட்டர்களின் பெயர், இருந்த தெரு, திறந்த வருஷம், முதல் படம், ஆபரேட்டர், டிக்கெட் கிழித்தவர், போஸ்டர் ஒட்டியவர், முறுக்குத் தட்டு தூக்கியவர். இதை ஒரு கல்லில் வெட்டுங்கள். கிரானைட்தான் நடைபாதைக்கு வாங்கியதில் மிச்சம் இருக்குமே. உயிரோடு இருக்கும் ஆபரேட்டர்களுக்குச் சோழன் கணக்குப்படி வருஷத்துக்கு நூறு கலம் நெல் அளந்துவிடுங்கள்.

அதற்கும் நடைமுறை இருக்கிறது, தெரியும். ஆதார் நகலோடு வி.ஏ.ஓ. சான்று வேண்டும், முப்பது வருஷம் கார்பன் எரித்ததற்கு ஆதாரம் வேண்டும். கொள்முதல் நிலையத்துக்காரர் பணியில் இருந்து, சாக்கு வந்து, சணல் வந்து, மழை பெய்யாமல் இருக்க வேண்டும். எல்லாம் கூடி வந்த அன்று குச்சியை மூட்டைக்குள் குத்திப் பார்த்து, ஈரப்பதம் பதினேழைத் தாண்டுகிறது பெரியவரே, காயவைத்து அடுத்த வாரம் எடுத்து வாங்க என்று அவருடைய நெல்லையே அவரிடம் திருப்பிக் கொடுப்பார்கள்.